காசு கொடுத்தவரும் கேம் கொடுத்தவரும்

வாசகர் கேள்வி – பதில்

வீடியோ கேம் பற்றிச் சென்ற இதழில் எழுதிய ஒரு சிறு பதிலுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேருக்கு நிறுவனங்கள் மேல் கோபம், மீதிப் பேருக்கு விளையாடுகிறவர்கள் மேல் கோபம். எனவே இம்முறை வேறு எதையும் தொடாமல் அந்தக் கடிதங்களில் சிலவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: முழு விலை கொடுத்து வாங்கிய 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேம், நிறுவனம் தன் சர்வரை (கேமை இணையம் வழியே இயக்கும் கணினியை) நிறுத்திய நாளிலிருந்து திறக்கவே மறுக்கிறது. தனியாக விளையாடும் பகுதிகூட ஓடவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் எனக்குச் சொந்தம் இல்லையா?

பதில்: நீங்கள் ஒப்புக்கொண்ட உரிம ஒப்பந்தத்தின்படி இல்லை. நீங்கள் அழுத்திய பொத்தானில் 'வாங்கு' என்று எழுதியிருந்தது. ஆனால் யாரும் படிக்காத அந்த ஒப்பந்தத்தில், உங்களுக்குத் தரப்படுவது விளையாடுவதற்கான அனுமதி மட்டுமே என்றும், அந்த அனுமதியை நிறுவனம் திரும்பப் பெறலாம் என்றும் எழுதியிருக்கும். யூபிசாஃப்ட் நிறுவனம் இந்த கேமை 2014 டிசம்பரில் வெளியிட்டது. 2023 டிசம்பரில் விற்பனையிலிருந்து எடுத்தது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியது. மற்றவர்களோடு போட்டியிடும் பகுதி அன்றோடு போனதில் வியப்பில்லை. ஒருவர் தன் அறையில் தனியாக உட்கார்ந்து ஓட்டும் பகுதியும், சர்வரிடம் கேட்காமல் திறக்காதபடி கட்டப்பட்டிருந்ததால், அதே நாளில் போயிற்று.

என் மேசை இழுப்பறையில் 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கேம் சிடி இருக்கிறது. உறையின் பின்பக்கம் ஒட்டிய சீட்டில் உள்ள எண்ணைத் தட்டினால், பழைய கணினியில் இன்றும் ஓடுகிறது. அதை வெளியிட்ட நிறுவனம் இழுத்து மூடப்பட்டு வெகு காலமாகிறது. சிடிக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. உங்கள் கேமுக்கும் என் கேமுக்கும் நடுவே விற்பனையின் பொருளே மாறிவிட்டது. மாறியதைவிடப் பெரிய குறை, மாறியதை விற்கும்போது வாய்விட்டுச் சொல்லாததுதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டம் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. டிஜிட்டல் பொருளை விற்கிறவர், கொடுப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகத் தெரிவிக்காமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளும்படி தரப்படும் பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

சர்வரை எந்த நிறுவனமும் என்றென்றைக்கும் நடத்திக்கொண்டிருக்க முடியாது. அப்படிக் கேட்பது நியாயமும் இல்லை. மின்சாரம், பராமரிப்பு, பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் மாதா மாதம் செலவு உண்டு. கார்களின் பெயருக்கும் பாட்டுகளுக்கும் வாங்கிய உரிமங்கள் காலாவதியாகும். சர்வர் மென்பொருளில் வேறு நிறுவனங்கள் எழுதிய நிரல் கலந்திருப்பதால் அதை அப்படியே வெளியில் கொடுக்கவும் இயலாமற்போகலாம். இவையெல்லாம் உண்மையான தடைகள். ஆனால் அந்த வாதம் ஏற்கெனவே கட்டி முடித்த கேம்களுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். இனிமேல் கட்டப்போகும் கேமுக்கு, கடைசி நாளில் என்ன செய்வது என்பதை முதல் நாளிலேயே திட்டமிட்டால் செலவு வெகுவாகக் குறையும். 'நாக்அவுட் சிட்டி' என்ற கேம் 2023 ஜூனில் சர்வரை மூடியபோது, விளையாடுகிறவர்கள் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும்படி கணினிக்கான ஒரு பதிப்பை விட்டுச் சென்றது. யூபிசாஃப்டும் எதிர்ப்புக்குப் பின், 'தி க்ரூ' வரிசையின் அடுத்த இரண்டு கேம்களுக்கும் இணையமின்றி ஓடும் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. முதல் கேமை வாங்கியவர்களுக்கு அதனால் பயனில்லை.

ராஸ் ஸ்காட் என்பவர் 2024-ல் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கேட்பது இவ்வளவுதான்: ஆதரவை நிறுத்துங்கள், ஆனால் கேமை ஓடக்கூடிய நிலையில் விட்டுவிட்டு நிறுத்துங்கள். இதையொட்டி ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடங்கிய குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. என் நிலையும் அதுவே.

கேள்வி: கேம் நிறுவனங்கள் கொள்ளை லாபம் பார்க்கின்றன, வாங்கினாலும் நகலெடுப்பதைத் தடுக்க ஆயிரம் மென்பொருள் பூட்டுப் போட்டுத்தான் தருகின்றன. கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்த, பிரதியை இறக்கி விளையாடுவதில் என்ன தவறு? — கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: 2013 ஏப்ரலில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற பெயரில் இரண்டு சகோதரர்கள் 'கேம் டெவ் டைக்கூன்' என்ற கேமை வெளியிட்டார்கள். கேம் நிறுவனம் ஒன்றை நடத்திப் பெரிதாக்குவதுதான் அதன் விளையாட்டு. அதில் பூட்டு எதுவும் இல்லை, விலையும் குறைவு. வெளியான நாளிலேயே அவர்கள் ஒரு வேலை செய்தார்கள்: கிராக் செய்யப்பட்ட பிரதி என்று சொல்லித் தங்கள் கையாலேயே ஒரு பிரதியைத் திருட்டுத் தளங்களில் ஏற்றினார்கள். அந்தப் பிரதியில் மட்டும், சில மணி நேரம் விளையாடியபின் ஒரு செய்தி தோன்றும்: நம் கேமைப் பலரும் காசு கொடுக்காமல் இறக்கி விளையாடுகிறார்கள், இப்படியே போனால் நாம் திவாலாகிவிடுவோம் என்று. அதன்பின் எவ்வளவு நல்ல கேமை உருவாக்கினாலும் பணம் வடிந்துகொண்டே போய் நிறுவனம் மூழ்கிவிடும்.

முதல் நாள் முடிவில் கணக்குப் பார்த்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் 214 பேர். திருட்டுப் பிரதியில் விளையாடியவர்கள் 3,104 பேர். அவர்களில் சிலர், தாங்கள் அரும்பாடுபட்டு வளர்த்த கற்பனை நிறுவனத்தைத் திருட்டுப் பிரதிகள் அழிக்கின்றன, இதைத் தடுக்கப் பூட்டு ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா என்று பொது இடத்தில் வந்து முறையிட்டதுதான் உச்சம். அவர்கள் கேட்டதற்கு அந்தச் சகோதரர்கள் சிரித்தார்களா அழுதார்களா என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

ஆகவே 'பூட்டுப் போட்டதால் திருடுகிறேன்' என்பது எல்லோருக்கும் பொருந்தும் காரணம் இல்லை. விலையும் முழுக் காரணம் இல்லை. 2010-ல் 'ஹம்பிள் இண்டீ பண்டில்' என்ற தொகுப்பை, விருப்பப்பட்டதைக் கொடுங்கள், ஒரு சென்ட் கொடுத்தாலும் போதும் என்று விற்றார்கள். அப்போதும் ஏறக்குறைய கால் பங்கு டவுன்லோடுகள் காசு கொடுக்காமலே நடந்தன என்று அதை நடத்தியவர்கள் கணித்தார்கள். நிறுவனத்தின் லாபம் உங்களுக்கு உறுத்தினால் அந்த கேமை விளையாடாமல் விட்டுவிடலாம். விளையாடவும் வேண்டும், கொடுக்கவும் மனமில்லை என்றால் அதற்குப் புரட்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தின் மறுபாதியை நான் மறுக்கவில்லை. பூட்டினால் வதைபடுகிறவர் காசு கொடுத்தவர் மட்டுமே; திருட்டுப் பிரதியில் பூட்டே இருக்காது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2008-ல் வெளியிட்ட 'ஸ்போர்' கேமை முதலில் மூன்று கணினிகளில் மட்டுமே பதிவுசெய்ய முடியும் என்று வைத்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியபின் அதை ஐந்தாக்கினார்கள். அதே நிறுவனம் 2013 மார்ச்சில் வெளியிட்ட 'சிம்சிட்டி'யைத் தனியாக விளையாடவும் இணையத் தொடர்பு கட்டாயம். முதல் வாரத்தில் சர்வர்கள் தாங்காமல், காசு கொடுத்தவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். பிறகு சமாதானமாக வேறொரு கேமை இலவசமாகக் கொடுத்தார்கள். கேமின் கணக்கீடுகள் சர்வரில் நடப்பதால் இணையமின்றி ஓடச் செய்வது எளிதல்ல என்று அன்றைக்குச் சொன்னவர்கள், ஒரே ஆண்டில், 2014 மார்ச்சில், இணையமின்றி ஓடும் அப்டேட்டைத் தாங்களே வெளியிட்டார்கள்.

இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல், திருட்டுப் பிரதி என்பது பெரும்பாலும் விலைச் சிக்கல் இல்லை, சேவைச் சிக்கல் என்று 2011-ல் சொன்னார். கடைக்காரர் பேச்சுதான் என்றாலும் அதில் சரக்கு இருக்கிறது. காசு கொடுத்தவர், கொடுக்காதவரைவிட மோசமான நிலையில் ஒருநாளும் இருக்கக் கூடாது. நிறுவனம் அதைக்கூட உறுதி செய்யாவிட்டால் வாடிக்கையாளரிடம் நேர்மையைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறது. ஆனால் அதனால் உங்கள் கடன் தள்ளுபடி ஆகிவிடாது.

ஒரு விதிவிலக்கு மட்டும் என் மனத்தில் உண்டு. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் நடத்திய ஆய்வு சொல்கிறது. விற்க மறுக்கப்படும் ஒரு பொருளைத் தேடிப் பாதுகாக்கிறவரைச் சட்டம் எப்படி அழைத்தாலும், நான் திருடர் என்று அழைக்க மாட்டேன்.

கேள்வி: முன்பதிவு செய்தால் கூடுதல் ஆடைகளும் ஆயுதங்களும் தருகிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். டிஸ்க் பெட்டியில் வந்த காலத்தில், முதல் நாளே தீர்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது. டவுன்லோடு தீர்ந்துபோவதில்லை.

கேள்வி: இப்போதெல்லாம் பாதி வெந்த கேமை விற்றுவிட்டு, பிறகு அப்டேட் போட்டுச் சரிசெய்கிறார்கள். கடைசியில் சரியாகிவிட்டால் மன்னித்துவிடலாமா?

பதில்: மன்னிக்கலாம், ஆனால் எதை மன்னிக்கிறோம் என்று தெரிந்து மன்னிக்க வேண்டும். பிழையோடு வெளிவருவது ஒன்று, பிழை இருப்பதை மறைத்து விற்பது வேறொன்று.

2016 ஆகஸ்டில் வெளியான 'நோ மேன்ஸ் ஸ்கை'யில் எண்ணிலடங்காத கோள்கள் உண்டு. மற்ற விளையாட்டாளர்களைச் சந்திக்க முடியுமா என்ற கேள்விக்கு, வாய்ப்பு மிக அரிது என்ற தொனியில்தான் வெளியீட்டுக்கு முன் பதில் வந்துகொண்டிருந்தது. வெளியான உடனேயே, இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே கோளில் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். இருவர் திரையிலும் இடம் ஒன்றுதான். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. அத்தனை மாத விளம்பரத்தில் கேட்க முடியாத பதிலை அந்த வெற்றிடம் சொல்லிவிட்டது. அதன்பின் அந்தச் சிறிய நிறுவனம் வாக்குவாதம் செய்யாமல் வேலை செய்தது. 2018 ஜூலையில் முழுமையாகச் சேர்ந்து விளையாடும் வசதி வந்தது. தொடர்ந்து வந்த பெரிய அப்டேட்டுகள் எதற்கும் கட்டணம் வாங்கவில்லை. கடனை வட்டியோடு கட்டியதற்கு இதைத்தான் உதாரணம் காட்டுவேன்.

ஸ்கொயர் எனிக்ஸின் 'ஃபைனல் ஃபேன்டஸி 14' இன்னும் ஒரு படி மேல். 2010-ல் வெளியாகித் தோற்ற பிறகு, ஓராண்டுக்கும் மேல் மாதச் சந்தாவை வாங்காமல் நடத்தினார்கள். 2012 நவம்பரில் மூடிவிட்டு, அடிமுதல் மீண்டும் கட்டி 2013 ஆகஸ்டில் திறந்தார்கள். இதற்கு நேர்மாறாக 2020 டிசம்பர் 10 அன்று வந்த 'சைபர்பங்க் 2077' விவகாரத்தில், வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே கொடுக்கப்பட்டது. டிவியோடு இணைத்து விளையாடும் பழைய கன்சோல்களில் அது தள்ளாடுவதை வாங்கியவர்தான் வீட்டில் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. இன்று அந்த கேம் சிறப்பாக ஓடுகிறது. ஆனாலும் சரிசெய்தது பிழையைத்தான். கன்சோல் பதிப்பைக் காட்டாமல் விற்ற அந்த வாரம் அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி: என் 10 வயது மகன் கேமுக்குள் என் அட்டையிலிருந்து பெரும் தொகையைச் செலவழித்துவிட்டான். அவனைக் கடிந்துகொண்டேன். குற்றம் யாருடையது?

பதில்: பையனைக் கடைசியில் வையுங்கள். ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் மீது அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி சுமத்திய குற்றச்சாட்டுகளைப் படித்தால் உங்கள் வீட்டில் நடந்ததும் புரியும். உறக்க நிலையிலிருந்து கேமை எழுப்பும்போதோ, கேம் லோடு ஆகிக்கொண்டிருக்கும்போதோ ஒரு பொத்தானைத் தவறுதலாகத் தொட்டாலே பொருள் வாங்கப்பட்டுவிடும். ஒருமுறை கொடுத்த அட்டை விவரம் தானாகச் சேமிக்கப்பட்டிருக்கும். 2018 வரை, பெற்றோரிடம் மறுபடி கேட்காமலே குழந்தைகள் வாங்க முடிந்தது. அட்டை நிறுவனத்திடம் முறையிட்டவர்களின் கணக்கையே பூட்டிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தீர்வில், இதற்காக வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கொடுக்க எபிக் ஒப்புக்கொண்டது.

உங்கள் மகன் வாங்கியது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத லூட் பாக்ஸ் என்றால் கணக்கு இன்னும் மோசம். சில கேம்களில் பணத்துக்கு விற்கப்படும் அந்தப் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் முடிவு செய்தது. எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. முதலில் கேம் நிறுவனத்துக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். சேமித்த அட்டையை இன்றே நீக்குங்கள். மகனிடம் கடிந்துகொண்டதற்கு ஒரு வார்த்தை சமாதானம் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். ஒன்றரை மணி நேர கேமை முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். விதிக்குட்பட்டதுதானே?

பதில்: விதிக்குட்பட்டதுதான், செய்திருக்கக் கூடாது. வாங்கி 14 நாளுக்குள், விளையாடி இரண்டு மணி நேரத்துக்குள் என்ற இந்த வசதி 2015-ல் வந்தது. அதற்கு முன் பணத்தைத் திருப்பித் தருவதில்லை என்பதே ஸ்டீமின் பொது வழக்கம். அதை எதிர்த்து ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014-ல் வழக்குத் தொடுத்தது; 2016-ல் வால்வுக்கு 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஓடாத கேம், சொன்னபடி இல்லாத கேம் ஆகியவற்றுக்காக மற்றவர்கள் போராடிப் பெற்ற உரிமையில் நீங்கள் ஓசிப் படம் பார்த்துவிட்டீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் திகில் கேம் ஒன்றை உருவாக்கியவர், நல்ல விமர்சனங்கள் கிடைத்தும் முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம் என்பதால், கேம் உருவாக்குவதையே காலவரையின்றி நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தார். அவரிடம் வழக்கறிஞர்களும் இல்லை, பூட்டுகளும் இல்லை. மறுபடி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நான் ஒரு கேம் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனதற்கு எங்களுக்கு வந்த வசைகளை எழுத்தில் சொல்ல முடியாது. விளையாடுகிறவர்களுக்குக் கடமையே கிடையாதா?

பதில்: உண்டு. மேலே சொன்ன இரண்டு கேம்களுக்கும் இன்னொரு ஒற்றுமை இருக்கிறது. 'நோ மேன்ஸ் ஸ்கை' சில வாரங்கள் தள்ளிப்போனபோதும், 'சைபர்பங்க்' 2020 அக்டோபரில் மறுபடி தள்ளிப்போனபோதும் அவற்றை உருவாக்கியவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. இன்னும் வேகவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று ஒருவர் உண்மையைச் சொல்லும்போது கழுத்தை நெரிப்போம் என்று மிரட்டியவர்களில் சிலரே, பாதி வெந்ததைப் பரிமாறியபோதும் கூச்சலிட்டிருப்பார்கள். காத்திருக்கும் பொறுமையை வாடிக்கையாளர் கொடுக்காத சந்தையில் முழுமையான கேமை எதிர்பார்க்க முடியாது.

அதே வேளை, கூட்டமாகச் சேர்ந்து எதிர்ப்பதையெல்லாம் வசை என்று உங்கள் நிறுவனம் தள்ளிவிடவும் கூடாது. 2024 மே மாதத்தில் 'ஹெல்டைவர்ஸ் 2' கேமைக் கணினியில் விளையாட இனி பிளேஸ்டேஷன் கணக்கும் கட்டாயம் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கையே தொடங்க முடியாத நாடுகளிலும் அதே கேமை அதுவரை விற்றிருந்தார்கள். சில நாட்களுக்குள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன, சோனி பின்வாங்கியது. ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் எழுதி, ஒரு தரப்பு மட்டும் திருத்தும் வணிகத்தில், வாடிக்கையாளர் கையில் இருக்கும் பேனா அந்த விமர்சனம் ஒன்றுதான். அதை முடிவெடுத்தவரை நோக்கி நீட்ட வேண்டும். மாதச் சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறவரின் தனிப்பட்ட கணக்கைத் தேடிப் போய் நீட்டக் கூடாது. உங்களுக்கு வந்த வசைகளை உங்கள் மேலாளர் படித்தாரா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கேமை மிகக் கடுமையாக விமர்சித்து எழுதினேன். இப்போது அது நன்றாகச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. என் விமர்சனம் இன்னும் முதல் பக்கத்தில் நிற்கிறது. அழித்துவிடவா?

பதில்: அழிக்காதீர்கள். அன்று அதை வாங்கி ஏமாந்தவர்களின் சாட்சியம் அது. அதே விமர்சனத்தைத் திருத்தத் திறந்து, பழைய வரிகளை அப்படியே விட்டு, மேலே இன்றைய தேதியைப் போட்டு, எந்தப் பதிப்பை எத்தனை மணி நேரம் விளையாடினீர்கள், எந்தப் பிழை போயிற்று, எது இன்னும் இருக்கிறது என்று நான்கு வரி எழுதுங்கள். கீழ்நோக்கிய கட்டைவிரலை மேலே திருப்புவதா என்பதை அந்த நான்கு வரியை எழுதி முடித்த பிறகு முடிவு செய்யுங்கள்.